நெடுந்தூர ஓட்டமும் நீண்டநாள் ஆயத்தமும்

விழா மலர்களிற் கட்டுரை வரைவோர் பெரும்பாலும் பழம்பெருமை பேசித் தம் கடன் தீர்ப்பர். அதுவும் வேண்டுவதே. ஆயினும் விழாக்காலம் என்பது வந்த வழியைத் திரும்பி நோக்குதற்கு மட்டுமன்றி, இனிச் செல்லும் வழிக்கு வேண்டுவன யாவை என எண்ணுதற்கும் உரிய காலமாகும். அவ்வெண்ணத்தினாலேயே, தமிழாசிரியராகிய நாம் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் சிறிது ஒதுக்கிவைத்து, ஓட்டத்தைப்பற்றி எழுதத் துணிந்தோம். தமிழாசிரியனுக்கும் மரதன் ஓட்டத்துக்கும் யாது தொடர்பு என்று நகைப்பாரும் உளர். தொடர்பு உண்டு என்பதைப் பொறுமையோடு படிப்போர் காண்பர்.

நம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பரொருவர் கனடாவில் வாழ்கின்றார். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். பள்ளிக் காலத்தில் ஓட்டத்துக்குப் பெயர்போனவருமல்லர். அவர் அண்மையில் எழுதிய மடலில், ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வால்ற் டிஸ்னி வேள்ட் என்னும் கேளிக்கைப் பூங்காவினூடாக நிகழும் மரதன் ஓட்டத்துக்குத் தாம் ஆயத்தஞ் செய்வதாகவும், ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் நண்பர்களிடம் நன்கொடை பெற்று நம் விளையாட்டு மைதானத்துக்கு அனுப்பவிருப்பதாகவும் தெரிவித்திருந்தார். மடலைப் படித்தபோது எமக்கு முதலில் வந்தது சிரிப்பே. மிக்கி எலியும் டொனால்ட் வாத்தும் கையசைத்து நிற்கும் தெருவில் ஓடுவதும் ஓர் ஓட்டமா? இராட்டினம் சுற்றும் இடத்துக்கு ஓடப் போவதற்கு ஆறு மாத ஆயத்தமும் வேண்டுமா? மடலின் எஞ்சிய பகுதியையும் படித்தபின் எம் சிரிப்பு அடங்கிற்று.

அவ்வோட்டம் 1994 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. ஆண்டுதோறும் சனவரி மாதத்தில், அதிகாலை 5 மணியளவில், இருள் விலகுமுன்னரே ஓட்டக்காரர் புறப்படுவர். நான்கு பூங்காக்களினூடாகவும் அவற்றை இணைக்கும் நெடுஞ்சாலைகளின் வழியாகவும் ஓடி 42.195 கிலோமீற்றரை நிறைவு செய்தல் வேண்டும். இடையிடையே நின்று, கோமாளி வேடம் பூண்டாரோடு படம் எடுத்துக்கொள்வோரும் உளர். அதனை யாரும் தடுப்பதில்லை. ஆயின் ஒரு விதி உண்டு. மைலொன்றுக்கு 16 நிமிடம் என்னும் வேகத்துக்குக் குறையாமற் செல்லுதல் வேண்டும். அதாவது ஏறக்குறைய 7 மணிநேரத்துள் முழுத்தூரத்தையும் கடத்தல் வேண்டும். அவ்வெல்லையைக் காட்டுதற்காகக் கூட்டத்தின் கடைசியிற் பலூன்களை ஏந்திய பெண்கள் சிலர் சீராக நடந்து வருவர். அவர்களுக்குப் பின்தங்கியவர் ஓட்டத்தினின்றும் நீக்கப்பட்டு வண்டியில் ஏற்றப்படுவர்.

நம் நண்பர் முன்னொரு முறை அவ்வண்டியில் ஏறியவர். “மச்சான், பலூன்காறப் பொம்பிளையள் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு என்னைத் தாண்டிப் போச்சினம். நான் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்” என்று அவர் எழுதியிருந்தார். அம்முறை அவர் ஆறு கிழமை மட்டுமே பயின்றாராம். இம்முறையோ ஆறு மாதத்துக்கு முன்னரே தொடங்கிவிட்டார். முதலில் வைத்தியரிடஞ் சென்று இருதயத்தையும் குருதி அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டார். கிழமை நாட்களில் இரண்டு நாள் அரைமணி நேர ஓட்டம். ஞாயிறு தோறும் ஒரு நீண்ட ஓட்டம். அந்நீண்ட ஓட்டம் 5 கிலோமீற்றரில் தொடங்கிச் சிறிது சிறிதாக வளரும். மூன்று கிழமை வளர்ந்தபின் நான்காங் கிழமை குறைந்து, உடலுக்கு ஓய்வு தரும். 1972 ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கில் ஓடிய ஜெப் கலவே என்பார் பரப்பிய முறைப்படி, சிறிது ஓடுவதும் சிறிது நடப்பதுமாக அவர் பயில்கின்றார். நடப்பது தோல்வியன்று, அதுவும் திட்டத்தின் பகுதியே என்பது அம்முறையின் உயிர்நிலை. 32 கிலோமீற்றர் வரை சென்றபின், இறுதி மூன்று கிழமைகளிற் பயிற்சியைக் குறைத்துக்கொள்வார். அதிகாலை ஓட்டத்துக்குப் பழகும் பொருட்டு, இரவில் ஒன்பது மணிக்கே உறங்கவும் கற்றுக்கொண்டார்.

இவற்றையெல்லாம் படித்தபோது எம் உள்ளத்தில் ஒரு முள் தைத்தது. விளையாட்டுப் பூங்காவில் ஓடுவோர் விளையாட்டாக ஆயத்தஞ் செய்வதில்லை. நாமோ, கல்வியின் அங்கமென்றும் ஒழுக்கப் பயிற்சியென்றும் சிறப்பித்துக் கூறும் பாடசாலை ஓட்டத்துக்கு யாதோர் ஆயத்தமுஞ் செய்வதில்லை. எது விளையாட்டு? எது வினை?

நம் பகுதிப் பாடசாலைகள் பலவற்றில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னர் ‘மரதன்’ என்றோர் ஓட்டம் நடைபெறுதலை யாவரும் அறிவர். அஃது ஐந்து அல்லது பத்துக் கிலோமீற்றர் ஓட்டமே. உண்மை மரதன் அன்று. 1896 இல் ஏதென்சு நகரில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கில் மரதன் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றராக இருந்தது. 1908 இல் இலண்டனில் வின்சர் அரண்மனையிலிருந்து அரங்கு வரை அளந்த தூரமே 42.195 கிலோமீற்றர், 1921 இல் அதுவே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சென்று, மீண்டும் பட்டினத்துக்கே திரும்பி வந்தாலும் அத்தூரம் நிரம்பாது. பெயரிற் பெரிதாகவும் தூரத்திற் சிறிதாகவும் இருத்தலாற்போலும், ‘இதற்கென்ன ஆயத்தம்’ என்று நாம் எண்ணிவிடுகின்றோம். பத்துக் கிலோமீற்றரும், பழகாத உடலுக்கு நெடுந்தூரமே.

நாம் கண்ட ஒன்றை ஈண்டுச் சொல்லுதல் கடன். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பாடசாலையொன்றில் இத்தகைய ஓட்டம் நிகழ்ந்தது. ஓட்டம் தொடங்கியபோது காலை எட்டு மணி கடந்துவிட்டது. தார்வீதி சுடத் தொடங்கியிருந்தது. ஓடி முடித்த ஒவ்வொருவருக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி என்பது விதி. எனவே இல்லத் தலைவர்கள் ஓடத்தக்காரையும் தகாதாரையும் ஒருங்கே களத்தில் இறக்கினர். சந்தியொன்றில் நின்று, கடந்து செல்லும் மாணவரின் இலக்கங்களைக் குறிப்பதே எமக்கு இடப்பட்ட பணி. பத்தாம் வகுப்பு மாணவனொருவன் தள்ளாடி வந்து, எம் கண்முன்னே வேலியோரத்திற் சரிந்து விழுந்தான். எம் கையில் இருந்தது கொப்பியும் பேனையுமே. ஒரு போத்தற் தண்ணீர்தானும் இல்லை. அயல்வீட்டு அம்மையார் ஒருவரே ஓடிவந்து, அவனை வேப்பமர நிழலிற் கிடத்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்தார். முதல்நாள் இரவு நெடுநேரம் விழித்திருந்து படித்தவன். காலையில் ஒன்றும் உண்ணாது வந்தவன் என்பது பின்னரே தெரிந்தது. கண் விழித்ததும் அவன் எம்மிடம் கேட்டது இதுதான்: “சேர், எங்கட இல்லத்துக்குப் புள்ளி இல்லாமற் போச்சுதோ?”

அவன் பிழைத்தான். அவ்வினா மட்டும் இன்றும் எம்மை விட்டகலவில்லை. பிழை அவனுடையதன்று. கற்பிக்காத பாடத்திற் சோதனை வைத்த எம்முடையதே. இலக்கணத்தில் ஒரு நாளேனும் வகுப்பு நடத்தாது வினாத்தாள் கொடுப்போமாயின் பெற்றோர் நம்மை விட்டுவைப்பாரா? ஓட்டத்தில் அதனையே நாம் ஆண்டுதோறும் செய்கின்றோம்.

எல்லாப் பிள்ளைகளும் கண் விழிப்பதில்லை. 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, கிழக்கு மாகாணத்துத் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்திற் கலந்துகொண்ட 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தி நாடெங்கும் துயர் விளைத்தது. அதன் காரணத்தை ஆராய்வது எம் பணியன்று. ஆயின் பிள்ளைகளை வீதியில் ஓடவிடும் ஒவ்வோர் ஆசிரியரும் அச்செய்தியைத் தம் மேசையில் எழுதி வைத்துக்கொள்ளுதல் தகும்.

“நாங்கள் அக்காலத்தில் ஓர் ஆயத்தமுமின்றி, செருப்புமின்றி ஓடினோமே! எங்களுக்கு என்ன வந்துவிட்டது?” என்று பழைய மாணவராகிய பெரியோர் சிலர் கேட்பர். அவர்தம் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் அவர்கள் ஆயத்தமின்றி ஓடினார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளோம். மூன்று கட்டை தூரம் நடந்து பள்ளிக்கு வந்தார், துலா மிதித்தார், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சினார், வெயிலிற் புகையிலைக் கன்றுக்குக் கிடங்கு வெட்டினார். வாழ்க்கையே அவர்களுக்கு நாள்தோறும் பயிற்சி அளித்தது. அதனைப் பயிற்சி என்று அவர்கள் அறிந்திலர், அவ்வளவே. இக்காலத்துப் பிள்ளை வீட்டு வாயிலில் வாகனம் ஏறிப் பள்ளி வாயிலில் இறங்குகின்றான். மாலையில் தனியார் வகுப்பின் வாங்கில் அமர்கின்றான். இரவிற் கைப்பேசியின் முன் அமர்கின்றான். பாட்டனின் கால்களை எண்ணிப் பேரனை ஓடவிடுதல் எவ்வாறு நீதியாகும்?

1960 இல் உரோமாபுரியில் எத்தியோப்பியர் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி வென்றதை எடுத்துக்காட்டுவாரும் உளர். அவர் வெறுங்காலோடு ஓடியது உண்மை. 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடி முடித்ததும் உண்மை. ஆயின் சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கானன் என்பார் அவரை முறையாகப் பயிற்றுவித்தார் என்பதும், வெறுங்காலோடு ஓடுதலும் அப்பயிற்சியின் பகுதியே என்பதும் உண்மையல்லவா? நம்மவரிலேயே, 1958 ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதற் தங்கம் ஈட்டித் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த காலந்தொட்டுப் பயின்று உயர்ந்தவர். ஒருநாட் புகழுக்குப் பின்னாற் பல்லாண்டு உழைப்பு நிற்கும். வெற்றியைக் கண்ட கண் அவ்வுழைப்பைக் காண்பதில்லை.

இனி, தமிழாசிரியனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற வினாவுக்கு வருவோம். திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசனுக்குக் கூறியனவாயினும், ஒரு வினையைத் தொடங்குவார் யாவர்க்கும் ஆகும். ஆராய்க, பின் வலிமையை அறிக, பின் காலத்தை அறிக, பின் இடத்தை அறிக. நெடுந்தூர ஓட்டத்துக்கு இதனினும் சிறந்த பயிற்சி முறை யாதுளது? அவற்றுள் வலி, காலம், இடம் என்னும் மூன்றின்படியே எம் கருத்தைக் கூறுவோம்.

முதலாவது வலி. ஒவ்வொரு மாணவனும் தன் உடலின் வலிமையை அறிந்தே ஓடுதல் வேண்டும். ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்போரை முன்னரே வைத்தியர் ஒருவர் பார்த்தல் வேண்டும்; மூச்சிழுப்பு, நெஞ்சுநோவு, மயக்கம், குடும்பத்தில் இளவயது இருதய நோய் ஆகியன உண்டோ எனப் பெற்றோரை வினவுதல் வேண்டும். காய்ச்சலுற்று எழுந்தவன் ஓடலாகாது. ஓடமாட்டேன் என்பவனைக் கோழை என்றழைக்கும் இல்லத் தலைவனைத் திருத்துதல் வேண்டும். புள்ளியும் முடிவுக்கோட்டில் மட்டும் வழங்கப்படலாகாது. பயிற்சிக்கு வந்த நாட்களுக்கும் புள்ளி வழங்குக. அப்பொழுது மெலிந்தவனும் தன் இல்லத்துக்குப் பயன்படுவான்.

இரண்டாவது காலம். புரட்டாதி பிறந்தவுடன் பயிற்சியைத் தொடங்குவோமாயின், தை பிறக்குமுன் பதினாறு கிழமைகள் கிடைக்கும். கிழமைக்கு மூன்று நாள் போதும். முதல் மாதம் நடையும் ஓட்டமும் கலந்து 2 கிலோமீற்றர். அதன்பின் மெல்ல மெல்ல ஏற்றம். ஐப்பசி கார்த்திகை மழை பெய்யும் நாட்களில் மண்டபத்துள் உடற்பயிற்சி செய்விக்கலாம். உடல் வெப்பத்துக்குப் பழகுதற்கே பத்து முதற் பதினான்கு நாள் வேண்டும். எனவே மழைக்காலம் முடிந்த உடனே கடும்வெயிலில் ஓடவிடுதல் ஆபத்து. போட்டி நாளன்றும், கிழக்கு வெளுக்கும் வேளையிலேயே ஓட்டம் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிதல் வேண்டும். பிரமுகர் வருகைக்காகப் பிள்ளைகள் வெயிலிற் காத்து நிற்றல் வேண்டா. வெப்பத்தால் உடலின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டி அறிவு தடுமாறுமாயின், அஃது உயிருக்கே இடர். அந்நிலையில் வாயில் நீர் வார்த்தலாகாது. நிழலிற் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி, விசிறி, விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். இதனை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருத்தல் கடன்.

மூன்றாவது இடம். இவ்வகையில் நாம் பேறுடையோம். தெல்லிப்பழையிலிருந்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வழியாகக் கீரிமலைக்குச் செல்லும் பாதையைப்போன்ற ஓட்டப்பாதை வேறெங்குளது? மேடு பள்ளம் அதிகமில்லை, கடற்காற்று எதிர்கொண்டழைக்கும், ஓடிக் களைத்தவனுக்குக் கேணி நீராட்டும் உண்டு. இதனை எழுதும்போது பிறிதொன்றும் நினைவுக்கு வருகின்றது. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின்னர், இப்பகுதியின் வீதிகள் பல நெடுங்காலம் நம் கால்களுக்கு மூடப்பட்டிருந்தன. எம் போன்றாரின் பள்ளிப்பருவம் பிறவூர்க் கொட்டில்களிற் கழிந்தது. சொந்த ஊர் வீதியில் ஓடும் பேறு நமக்கு அன்று வாய்க்கவில்லை. காலப்போக்கில் வீதிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. திறந்த வீதியிற் பிள்ளைகள் ஓடுதல் கண்டு மகிழாதார் யார்? அம்மகிழ்ச்சி துயராகாமற் காப்பது நம் பொறுப்பு.

“பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இத்துணை நேரம் எங்கே?” என்பர் பெற்றோர். கிழமைக்கு இரண்டு மணிநேரமே நாம் கேட்பது. அதனால் வரும் பயன் ஓட்டத்தோடு நில்லாது. பரீட்சைக்கு முதல் மாதம் மட்டும் விடிய விடிய விழித்துப் படிக்கும் வழக்கமும், ஓட்டத்துக்கு முதல்நாள் மட்டும் காலை நீட்டிப் பார்க்கும் வழக்கமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சிறிது சிறிதாக, நாள்தோறும், யாரும் பாராதபோதும் செய்து முடிக்கும் பழக்கத்தை ஓட்டம் உடலிற் பதிக்குமாயின், அது கல்விக்கும் கைகொடுக்கும்.

கால்களால் ஆவதென்ன என்று இன்னும் ஐயுறுவோர், நம் ஊரிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலையைச் சென்று காண்க. 2011 ஆம் ஆண்டில், நாதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவே என்னும் இருவர் முன்னின்று, தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தனர். வழிநெடுகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் உடன் நடந்தனர். அந்நடையினாற் சேர்ந்த பொருளே தெல்லிப்பழையில் அவ்வைத்தியசாலையாக எழுந்து, 2013 இல் நோயாளருக்கு வாயில் திறந்தது. ஒருநாள் ஆரவாரத்தில் ஆகியதன்று அது. ஒவ்வொரு நாளும் விடியலில் எழுந்து, கொப்புளித்த காலோடு மீண்டும் நடந்ததால் ஆகியது.

ஆதலின் பழைய மாணவரிடம் எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. வெற்றிக் கிண்ணங்கள் நம் அலுமாரிகளில் நிறைய உள. இனிக் கிண்ணம் வாங்கும் பணத்தை ஓட்டப் பாதையில் 2 கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கும், வைத்தியர் வருகைக்கும், சப்பாத்தில்லாப் பிள்ளைக்குச் சப்பாத்துக்கும் தருக. ஊருக்கு வரும்போது ஒரு விடியற்காலையேனும் பிள்ளைகளோடு ஓடுக. ஓட இயலாதார் நடக்க. 89 வயதில் மரதன் ஓடத் தொடங்கி, 2011 இல் தம் நூறாவது வயதில் தொரன்ரோ நகரில் மரதனை முடித்த பௌஜா சிங் என்னும் சீக்கியப் பெரியாரை எண்ணுவோர்க்கு, வயது ஒரு சாட்டன்று.

முடிவாக ஒன்று. புளோரிடாவில் கடைசியில் வரும் பலூன் ஏந்திய பெண்கள், பின்தங்கியவரை நீக்குதற்கு எல்லையாவர். பல்லாயிரவர் ஓடும் பெருஞ்சாலைக்கு அவ்விதி வேண்டுவதே. பாடசாலை ஓட்டத்துக்கோ மாறான விதி வேண்டும். இங்கும் கடைசியில் ஒருவர் வருதல் வேண்டும்; ஆனால் நீக்குதற்கன்று, உடன் வருதற்கு. கையில் தண்ணீரும் துவிச்சக்கர வண்டியில் முதலுதவிப் பெட்டியுமாக, கடைசி மாணவனுக்கு ஓரடி பின்னே ஓர் ஆசிரியர் வரட்டும். அவ்விடத்தை வேறெவர்க்கும் கொடாது எமக்கே தருமாறு உடற்கல்வி ஆசிரியரை இப்பொழுதே கேட்டு வைத்துள்ளோம். அன்று வேலியோரத்தில் வீழ்ந்தவனுக்கு நாம் கொடுக்கத் தவறிய தண்ணீரை, இனி ஓடும் பிள்ளைகளுக்கேனும் கொண்டுசெல்வோம்.

நம் நண்பர் இம்முறை பலூன்களுக்கு முன்னே ஓடி முடிப்பாராக. நம் பிள்ளைகள் ஆயத்தஞ் செய்து ஓடுவாராக. கல்லூரி வாழ்க.